விமான தூரக் கணக்கீட்டுக் கருவிகள்: பல வருஷம் பழகிய பிறகு

இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால் இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று சொல்லும் கருவிகளைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். டிக்கெட் போடும் முன் முதலில் பார்ப்பது அதைத்தான். அது சொல்லும் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். நேரத்தை அப்படி எடுக்க முடியாது.

தூரம் வெறும் கணிதம். இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து பூமிப் பரப்பில் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிடுகிறார்கள். லண்டன் ஹீத்ரோ, நியூயார்க் ஜே.எஃப்.கே. என்று எதில் போட்டாலும் 5,550 கி.மீ.யை ஒட்டித்தான் வரும். மைலா, கடல் மைலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஊர்ப் பெயரைவிட விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை அடிப்பது நல்லது. சான் ஹோசே என்று அடித்தால் கலிஃபோர்னியாவும் வரும், கோஸ்டாரிகாவும் வரும். துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போட்டால் வரைபடத்தில் பாதைக் கோடு வடதுருவத்தை ஒட்டி ஏறி இறங்கும். பயப்பட வேண்டாம், அதுதான் குறுக்கு வழி.

நேரத்துக்கு வருவோம். பெரும்பாலான கருவிகள் தூரத்தை மணிக்கு 800, 900 கி.மீ. என்று ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துவிடுகின்றன. காற்று கணக்கிலேயே இல்லை. அதனால் போகவும் வரவும் ஒரே விடை. உண்மையில் லண்டனிலிருந்து நியூயார்க் போக அட்டவணையில் எட்டு மணி நேரம் போட்டிருந்தால், திரும்ப ஏழுதான் இருக்கும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று தள்ளிவிடுகிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கில் கிளம்பி ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது.

காற்றாவது ஒரு மணி நேரம் முன்னே பின்னே. ஒரு நாட்டின் வான்வெளி விமானங்களுக்கு மூடப்பட்டால் கணக்கே போச்சு. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ.; கருவி பத்து மணி நேரத்துக்குள் என்று சொல்லும். 2022க்கு முன் அது ஏறக்குறைய சரி. ரஷ்யா மேலே பறக்க முடியாமல் போனபின் சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. ஆகவே நேரம் வேண்டுமென்றால் விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். அதிலும் புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதால் நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. மொத்தப் பயண நேரம் என்று தனியாக இருப்பதை எடுங்கள்.

எனக்கு இந்தக் கருவி அதிகம் உதவுவது இடையில் எந்த ஊரில் இறங்கி விமானம் மாறுவது என்று தேர்ந்தெடுக்கத்தான். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் நேராக 15,300 கி.மீ.க்குச் சற்று மேல். பிராங்க்பர்ட் வழியாகப் போனால் கூடுதல் சுமார் 1,100 கி.மீ. லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாக என்றால் 2,700க்கும் மேல். இடையில் ஒரு நிலையத்தைச் சேர்த்து மொத்தத் தூரம் காட்டும் கருவியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லாதவற்றை நான் இப்போது திறப்பதே இல்லை.