நிறுவனத்தின் பெயரா, கைடா? பிஎச்.டி. சேருமுன் போட வேண்டிய கணக்கு

சேலத்தில் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். பேர் பெற்ற நிறுவனத்தில் இடம் கிடைத்தால், கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, யாராக இருந்தாலும் சேர்ந்துவிடலாமா? இல்லை, நம் தலைப்பிலேயே வேலை செய்கிற கைடு இருக்கும் இடத்துக்கு, அது அவ்வளவாகப் பேர் இல்லாத இடமானாலும், போகலாமா? எனக்கு இரண்டு வாய்ப்பும் இருந்தன. சேர்வராயன் மலைப் பாறைகளைப் பல வருஷமாகப் பார்த்துவரும் கைடிடம் சேர்ந்தேன். ஆகவே இந்த அலசல் கைடு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பேருக்கு உள்ள பலன்களை மறுக்க முடியாது. நல்ல லைப்ரரி, கருவிகள், சக ஆய்வாளர்களின் தரம், வெளிநாட்டில் பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட் டாக் தேடும்போது விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் முதல் மரியாதை எல்லாம் உண்டு. உதவித்தொகையில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு எங்கே சேர்ந்தாலும் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப்படிதான் ஊருக்கு ஊர் மாறும்.

வேலை விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு: “பெரிய இடத்துப் பட்டம் இல்லாவிட்டால் யார் கூப்பிடுவார்கள்?” பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும் அட்டவணையில் பிஎச்.டி.க்கு 30 புள்ளிகள். எந்த நிறுவனத்துப் பட்டம் என்று பார்த்து அதைக் கூட்டவோ குறைக்கவோ அந்த அட்டவணையில் வழியில்லை. நேர்காணல் அறைக்குள் பேர் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அந்த அறைக்குள் போக முதலில் பட்டம் கையில் இருக்க வேண்டும்.

நான் மற்ற எல்லாவற்றையும் விட மேலே வைப்பது இதைத்தான்: அந்தக் கைடிடம் முன்னால் சேர்ந்தவர்கள் முடித்தார்களா? எத்தனை வருஷத்தில் முடித்தார்கள்?

யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருஷம் தரலாம். மூன்றில் முடிப்பதா எட்டில் முடிப்பதா என்பதில் கைடின் கைதான் பெரிது. சாப்டரை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் திருப்பாதவர் உண்டு. இரண்டு வாரத்தில் சிவப்பு மை போட்டுத் தருபவரும் உண்டு. என்னோடு படித்த ஒருவர் பெரிய பேருள்ள இடத்தில் சேர்ந்தார். அவருடைய கைடு வெளிநாட்டுக்கும் டெல்லிக்குமாக அலைகிறவர். ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டி மீட்டிங் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, நடுவில் தலைப்பும் மாறியது. திறமையில் அவர் எங்களில் யாருக்கும் குறைந்தவரில்லை. ஃபெலோஷிப் நின்ற பிறகும் தீசிஸ் முடியாமல், பகுதி நேரமாகப் பாடம் எடுத்துக்கொண்டு எழுதினார்.

இதை முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்களைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் கைடின் பெயரைப் போட்டால் அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ்கள் வரும். பல பதிவுகளில் சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். அவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். முடிக்காமல் போனவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பதால், டிபார்ட்மென்டில் இப்போது இருக்கும் ஸ்காலர் ஒருவரைத் தனியாகப் பார்த்து, “சாரிடம் சேர்ந்து, பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா?” என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் ஒரு தகவல்தான். பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்டலாம். எட்டும் நிரம்பிய கைடிடம் எட்டாவது ஆளாகச் சேர்ந்தால் உங்கள் முறை எப்போது வரும் என்று யோசியுங்கள். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக உள்ளவர் புது ஸ்காலரை எடுக்கக் கூடாது என்பதும் விதி. நாலு வருஷம் மீதி இருப்பவர் எடுக்கலாம்தான். ஆனால் கடைசி வருஷம் நீங்கள் யாரிடம் கையெழுத்துக்கு நிற்பீர்கள் என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

எனக்குக் கைடால் கிடைத்த இன்னொரு லாபம் பாறை சார்ந்தது. வெள்ளக்கல்பட்டி பக்கம் மேக்னசைட், மலையில் சார்னோகைட், மேலே ஏற்காட்டில் பாக்சைட் என்று இவ்வளவு சிறிய தூரத்துக்குள் இத்தனை இருக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஏற்காடு ரோட்டில் எந்த வளைவில் வெட்டு முகம் புதிதாக இருக்கிறது, எந்தத் தோட்டத்துக்காரர் உள்ளே விடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்களிடம் இல்லாத, கனிமங்களின் வேதிக் கலவையை அளக்கும் மைக்ரோபுரோபு கருவிக்கு அவரே வேறு நிறுவனத்தில் பேசி நேரம் வாங்கித் தந்தார். கருவி நம் கட்டடத்தில் இல்லை என்பது, கைடுக்கு ஆள் பழக்கம் இருந்தால், பாதிப் பிரச்சினைதான்.

ஆனால் இது களத்துக்குப் போய்ச் செய்யும் ஆராய்ச்சியின் கணக்கு. மூலக்கூறு உயிரியல் மாதிரி தினமும் விலையுயர்ந்த கருவியோடு இருக்க வேண்டிய துறைகளில் நான் வேலை செய்ததில்லை. அங்கே நிறுவனத்தின் பக்கம் தராசு தாழலாம். வெளிநாட்டில்தான் வேலை என்று முடிவே செய்தவர்களுக்கும் பேர் நான் சொல்வதைவிட அதிகம் உதவக்கூடும். இரண்டும் ஒரே இடத்தில், நல்ல பேரும் நல்ல கைடுமாக அமைந்தால் யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள்.

ஒரு அவசர விஷயம். 2024 ஜூன் முதல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தும் பிஎச்.டி. சேர்க்கை நடக்கிறது. ஜே.ஆர்.எஃப். வராமல் தகுதி பெற்றவர்களின் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஒரு வருஷம்தான் செல்லும். ரிசல்ட் வந்தபின் கைடு தேடினால் அந்த ஒரு வருஷத்தில் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டிவரும். பரீட்சைக்குப் படிக்கும்போதே, மூன்று நான்கு கைடுகளின் பெயரைக் குறித்துக்கொண்டு சோத்கங்காவில் தேட ஆரம்பித்துவிடுங்கள்.