ரெவாக்ஸ் பி77: பரணில் ஸ்பூல் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்பூல் டேப்பில் பாட்டு கேட்கத் தொடங்கலாமா என்று யார் கேட்டாலும், வீட்டில் பழைய டேப் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். எந்த இயந்திரம் வாங்குவது என்பது அதைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் இருந்தது. வானொலிக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி எல்லாவற்றையும் சித்தப்பா கிரண்டிக் டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். அவற்றுக்காக நான் வாங்கிய ஸ்பூல் டேப் இயந்திரம் ரெவாக்ஸ் பி77. சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் குழுமம் 1977-இல் கொண்டுவந்த மாடல். இதில் பல வகை உண்டு. என்னுடையது நாலு டிராக், அதாவது டேப்பின் அகலத்தை நாலு பட்டையாகப் பிரித்துக்கொள்ளும் வகை; வினாடிக்கு 9.5, 19 சென்டிமீட்டர் வேகங்கள். ஆடியோ பித்தர்கள் பரிந்துரைப்பது இரண்டு டிராக், 38 சென்டிமீட்டர் ஓடும் வகையை. ஸ்டூடியோவின் மூலப்பதிவான மாஸ்டரிலிருந்து பிரதி எடுத்து இன்று விற்கும் விலையுயர்ந்த டேப்புகளுக்கு அதுதான் சரி. ஆனால் சித்தப்பா காலத்து வீட்டு ரிக்கார்டர்கள் பெரும்பாலும் 9.5-இலும் 19-இலும்தான் ஓடின. 9.5 வேகமே இல்லாத இயந்திரத்தை வாங்கி என்ன செய்வது?

மோனோ, அதாவது ஒரே சேனலில் பதிந்த ஸ்பூல்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய மோனோ ரிக்கார்டர் டேப்பின் மேல் பாதியில் ஒரு பக்கத்தையும் கீழ்ப் பாதியில் எதிர்த் திசையில் மறு பக்கத்தையும் பதியும். அதை இதில் போட்டால் இடது ஸ்பீக்கரில் ஆலாபனை, வலது ஸ்பீக்கரில் தலைகீழாக ஓடும் தனியாவர்த்தனம். வலது சேனலை அடக்கிவிட்டுக் கேட்டால் போதும். 4.75-இல் பதிந்தவற்றை 9.5-இல் ஓட்டிக் கணினியில் ஏற்றி, அங்கே வேகத்தைப் பாதியாக்கிக்கொள்கிறேன்.

மூன்று மோட்டார்; டேப்பை உரசி அழிக்க, பதிய, படிக்க மூன்று ஹெட். ரிவைண்ட் ஆகும்போதே பிளே பட்டனை அழுத்தினாலும் டேப் நிற்கும்வரை பொறுத்திருந்து பிறகுதான் பாட வைக்கிறது. ஐம்பது வருடப் பழைய டேப்புக்கு இந்த நிதானம் பெரிய விஷயம். பத்தரை அங்குல ஸ்பூலும் ஏறும். 1,100 மீட்டர் டேப் 19-இல் ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. திருப்பிப் போட்டால் ஒரு கச்சேரி முழுசாக அடங்கிவிடும்.

ஒலியா? 9.5-இல் பின்னணி இரைச்சல் நன்றாகவே கேட்கும். தம்புரா அதை ஓரளவு மூடிவிடும். 19-இல் பதிந்த ஸ்பூலில் மிருதங்கத்தின் தொப்பி அடித்தொண்டையிலிருந்து வருகிறது. இதே கச்சேரிகளுக்குக் கேசட் பிரதியும் எங்களிடம் உண்டு; இப்போது அதை யாரும் தொடுவதில்லை.

இனிக் குறைகள். எடை பதினேழு கிலோ. சாதாரண அலமாரி தாங்காது. மின்சார இணைப்பை ஒட்டியிருக்கும் காகித வகை கபாசிட்டர்கள் வயதானால் புகைவிடும் என்பது ஊரறிந்த சங்கதி. வாங்கியதும் மாற்றிவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும். இந்தச் செலவு விலையில் சேராது. விற்பவர் "சூப்பர் கண்டிஷன்" என்றால் அதற்கு விளக்கு எரிகிறது என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள். ஹெட்டின் தேய்மானத்தைப் போட்டோவில் கேளுங்கள். ஹெட்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பழைய டேப்பை ஏற்றுவதற்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சுருளினூடே ஒளி தெரிந்தால் அது அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த டேப். சட்டென்று அறுந்துவிடும், வேகமாகச் சுற்றக் கூடாது. ஆனால் அறுந்த இடத்தை ஒட்டிவிடலாம். 70களின் நடுவிலிருந்து வந்த சில அமெரிக்க ஸ்டூடியோ டேப்புகள்தான் உண்மையான தொல்லை. ஆம்பெக்ஸ் 456 போன்றவை ஈரம் குடித்துப் பிசுபிசுத்து ஹெட்டிலேயே அப்பிக்கொள்ளும். சென்னைக் காற்றில் சொல்லவே வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று அவற்றை வாங்காதீர்கள்.

பரணில் எதுவும் இல்லாதவர்கள் புது டேப்பில்தான் தொடங்க வேண்டும். பிரான்சில் தயாராகும் எல்பிஆர்35 டேப் நன்றாக இருக்கிறது, விலைதான் கையைக் கடிக்கிறது. அவர்களுக்கு நான் இந்த இயந்திரத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பீக்கர் வரும்.