நடுகல் படங்களுக்கு இடக்குறிப்பு: ப்ளூடூத்தா, டிராக் பதிவா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் நடுகல் தேடிப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கல் நிற்பது யாரோ ஒருவர் வயல் வரப்பில். “புளியமரத்துக்குக் கிழக்கே, கிணறு தாண்டி, வேடியப்பன்” (நடுகல்லை ஊர்க்காரர்கள் கும்பிடும் பெயர்) என்று நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை போகும்போது புளியமரமே இருக்காது. அதனால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே ஏறிவிட வேண்டும்.

போனில் எடுத்தால் தானாக ஏறிவிடும், பேச்சே இல்லை. ஆனால் கல்லில் தேய்ந்துபோன வட்டெழுத்தை, அதாவது பழைய தமிழ் எழுத்தை, சாய்வெளிச்சத்தில் பிடிக்க எனக்குக் கேமராதான் தோது. அதில் ஜிபிஎஸ் கிடையாது. கேனான் 6டி, நிக்கான் டி5300 போன்ற சில பழைய மாடல்களில் உள்ளேயே இருந்தது; இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் போனைக் கை காட்டுகின்றன.

படத்தின் அடியில் வரைபடமும் முகவரியும் அச்சடித்துத் தரும் ஆப்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். சாலைப் பணி, வீடு கட்டும் பணி என்று ஆய்வுப் படம் அனுப்ப அவை சரி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எக்ஸிஃப் தகவல் (படத்துக்குள் மறைவாக இருக்கும் இடம், நேரம் போன்ற குறிப்பு) உதிர்ந்துவிடும், அச்சடித்தது உதிராது. இந்த நல்ல குணத்தை மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டின் கடைசி வரி மேல் முகவரி உட்கார்ந்தால் நான் எதைப் படிப்பது?

மிச்சம் இரண்டு. ஒன்று, கேமராவைப் போனோடு ப்ளூடூத்தில் இணைத்து, எடுக்கும்போதே இடத்தை ஏற்றுவது. ஒரு வருஷம் இதைத்தான் வைத்திருந்தேன். இணைப்பு ஒழுங்காக இருந்தால் இதைவிடச் சுகம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு வேலையும் கிடையாது. ஆனால் கேமரா தூங்கி எழும், போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும். ஒரு நாள் நாற்பது படங்களில் முந்தைய ஊரின் இடமே ஒட்டியிருந்தது. இடம் இல்லாத படம் என்றால் பார்த்ததும் தெரியும். தப்பான இடம் ஏறிய படம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், அதுதான் வம்பு.

இரண்டாவது, நான் இப்போது செய்வது. காலையில் போனில் டிராக் பதிவை ஓடவிட்டுப் பையில் போட்டுவிடுவேன். ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்லாகர், ஓஎஸ்எம்அண்ட் இரண்டும் இதைச் செய்யும். சில நொடிக்கு ஒரு முறை இடத்தையும் நேரத்தையும் ஒரு ஜிபிஎக்ஸ் ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். இரவு கணினியில் டிஜிகாம் அல்லது எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள், படம் எடுத்த நேரத்தை டிராக்கின் நேரத்தோடு பொருத்தி இடத்தை ஏற்றிவிடும். இரண்டும் இலவசம்.

இதில் எல்லாமே கேமராக் கடிகாரத்தைப் பொறுத்தது. கடிகாரம் ஒரு நிமிடம் தள்ளியிருந்தால், நடக்கும்போது எழுபது எண்பது மீட்டர் பிசகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டியில் போகும்போது 650 மீட்டருக்கு மேல். கல் முன்னால் இருபது நிமிடம் நிற்பதால் நடுவில் எடுத்தவை தப்பிக்கும். வண்டியை நிறுத்திச் சட்டென்று எடுத்த ஒற்றைப் படம்தான் மாட்டும். நான் கண்ட வழி எளிது: தினமும் முதல் படமாக, போன் திரையில் நொடியோடு ஓடும் கடிகாரத்தைக் கேமராவில் எடுத்துவிடுவேன். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கேமரா பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருளில் கொடுத்தால் அன்றைய படங்கள் மொத்தமும் ஒரே அடியாக நேராகிவிடும்.

அப்புறம் அந்த ஐந்தரை மணி நேரம். ஜிபிஎக்ஸ் ஃபைலில் இருப்பது உலகப் பொது நேரம், கேமராவில் நம் நேரம். முதல் தடவை மென்பொருளில் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டேன். காலை ஒன்பது மணிக்கு எடுத்த வேடியப்பன், நான் மத்தியானம் இரண்டரைக்குச் சாப்பிட்ட செங்கம் மெஸ்ஸில் போய் உட்கார்ந்திருந்தார். சிரித்துவிட்டு ஒரு எண்ணை மாற்றினேன், எல்லாரும் அவரவர் வரப்புக்குத் திரும்பினார்கள். ப்ளூடூத்தில் கெட்டவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. இங்கே தப்பு எல்லாப் படத்திலும் ஒரே அளவு, அதனால் ஒரே திருத்தம். நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒன்றே போதும்.

குறை உண்டு. டிராக்கை ஓடவிட மறந்தால் அந்த நாளே போச்சு. அதற்காக ஒவ்வொரு கல்லுக்கும் போனில் ஒரு படம் தனியாக எடுத்துவைக்கிறேன். கூகுள் போட்டோஸில் கையால் இடம் சேர்க்கலாமே என்றால், அது மூலப் படத்துக்குள் போய் எழுதாது. ஏற்றுமதி செய்யும்போது தனி ஃபைலில் வரும்.

பொதுவில் படம் போடும்போது மட்டும் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுகிறேன். அடியில் புதையல் இருக்கிறது என்று கல்லைப் பெயர்த்துப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஐபோனில் நான் டிராக் ஓட்டிப் பார்த்தது இரண்டே நாள், அதை வைத்துப் பேட்டரி பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். என் ப்ளூடூத் புலம்பலும் ஒரே ஒரு பழைய கேமராவோடு பட்டதுதான். புதிது வாங்குகிறவர்கள் ஒரு நாள் வெளியே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு என்னை மறுக்கலாம்.