படகு ட்ரெய்லருக்கு ட்ரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ட்ரெய்லரின் இடது சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தோடு சுழலும் பிரேக் ட்ரம்மைத் தட்டி இழுத்தபோது, உள்ளே ட்ரம்மை அழுத்திப் பிடிக்கும் ஷூவில் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங் மட்டும் தனியாக வந்து தரையில் விழுந்தது. அது தேய்ந்துபோன லைனிங் இல்லை, நல்ல கனமாகத்தான் இருந்தது. ஷூவின் இரும்புக்கும் லைனிங்குக்கும் நடுவில் துரு கிளம்பி, ஒட்டியிருந்ததை அப்படியே பெயர்த்துவிட்டது. ட்ரம்மின் வெளிப்பக்கமோ துத்தநாகப் பூச்சோடு புதுசு மாதிரி இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், டெக்சாஸ் கடற்கரையில் உள்ள கால்வெஸ்டனில் மீன் பிடித்துவிட்டு ஐ-45 வழியாக ஹூஸ்டன் திரும்பும்போது, வண்டி ஓட்டிய மச்சினன், "அத்தான், பிரேக் போட்டா பின்னாலேருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு" என்றான். அன்றைக்கே ஓரமாக நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

அதே ட்ரம்மைப் புதிதாகப் போடுவதா, டிஸ்க்குக்கு மாறுவதா என்ற கேள்வி அப்போது வந்தது. நான் டிஸ்க்குக்கு மாறினேன். இப்போது கேட்டாலும் உப்புத் தண்ணீரில் படகு இறக்குகிற யாருக்கும் டிஸ்க் என்றுதான் சொல்வேன். ஆனால் மாறும்போது என்னென்ன இடிக்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானது. படகு ட்ரெய்லர்களில் பெரும்பாலும் சர்ஜ் பிரேக்தான். முன்னால் போகும் வண்டி வேகம் குறைக்கும்போது பின்னால் வரும் படகின் பாரம் முன்னே தள்ளும், அந்தத் தள்ளலில் ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் ஆக்சுவேட்டர் உள்ளே சறுக்கி மாஸ்டர் சிலிண்டரை அழுத்தி, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும். சக்கரத்தில் ட்ரம் இருந்தாலும் டிஸ்க் இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். படகு, எஞ்சின், ட்ரெய்லர் மட்டும் கூட்டிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், 60 கேலன் பெட்ரோலே 360 பவுண்டு வரும், ஐஸ் பெட்டி வேறு.

விலையில் ட்ரம்தான் மலிவு. நிற்கும் திறனில், 21 அடிப் படகுக்கு, காய்ந்த ரோட்டில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படகு இறக்கும் சரிவான ரேம்ப்பிலிருந்து ஏறிய உடனே, நனைந்த நிலையில், டிஸ்க் சீக்கிரம் பிடிக்கிறது. லேக் கான்ரோ மாதிரி நல்ல தண்ணீரில் மட்டும் இறக்குகிறவர்கள் ட்ரம்மை வருஷக்கணக்காக நிம்மதியாக ஓட்டுகிறார்கள், அவர்கள் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே விஷயம்தான், கழுவுவது. ரேம்ப்பில் ட்ரெய்லரைப் பின்னால் விடும்போது சக்கரம் முழுக்க உப்புத் தண்ணீருக்குள் போகிறது. ட்ரம் மூடிய டப்பா, இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும், அப்புறம் ஐம்பது மைல் ஓட்டி வருவதற்குள் சூட்டில் தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் ஸ்பிரிங்கிலும் அட்ஜஸ்டரிலும் வீல் சிலிண்டரிலும் தங்கிவிடும். வீட்டில் ஹோஸை வைத்து அடித்தால் ட்ரம்மின் வெளிப்பக்கம்தான் நனையும். ட்ரம்முக்கென்றே கழுவும் கிட் விற்கிறார்கள், பின்தகட்டில் ஒரு குழாயைப் பொருத்தி அதில் ஹோஸை மாட்ட வேண்டும். நானும் அதைப் போட்டிருந்தேன். குழாய் பீய்ச்சும் பக்கம் ஷூ சுமாராக இருந்தது, லைனிங் பெயர்ந்தது அதற்கு எதிர்ப்பக்கம்.

டிஸ்க் திறந்து கிடக்கிறது. சக்கரத்தோடு சுழலும் தட்டு ரோட்டர், அதை இரண்டு பக்கமும் பிடிக்கும் பட்டைகள் பேட், அவற்றை அழுத்தும் கவ்வி காலிப்பர். சக்கரத்தின் ஓட்டைகள் வழியாகவும் ட்ரெய்லருக்கு அடியில் குனிந்து உள்பக்கத்திலிருந்தும் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் தண்ணீர் அடித்தால் காலிப்பர், பேட், ரோட்டர் எல்லாம் கழுவப்பட்டுவிடும். அதைவிட முக்கியம், கண்ணுக்குத் தெரிகிறது. டார்ச் அடித்தால் பேட் எவ்வளவு மிச்சம் என்று சக்கரத்தைக் கழற்றாமலே பார்க்கலாம். உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து வெளிப்பக்கப் பேட் கனமாக இருந்தால் காலிப்பர் சறுக்கி நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிவிட்டது என்று அர்த்தம், அங்கேயே பிடித்துவிடலாம். ட்ரம்மில் இதைப் பார்க்கச் சக்கரம், அதன் நடுப்பாகமான ஹப், பேரிங் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு சீசனும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவோம், அந்தத் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் என் லைனிங் பெயர்ந்தது.

ட்ரம்முக்கு இன்னொரு தொல்லை கிரீஸ். பேரிங்குக்கு கிரீஸ் கன்னை வைத்து அளவுக்கு மீறி அழுத்தினால் ஹப்பின் பின்பக்க சீல் பிதுங்கி, கிரீஸ் நேராக ஷூவில் இறங்கும். என் வலது பக்க ட்ரம்மில் லைனிங் நன்றாக ஒட்டியிருந்தது, ஆனால் கறுப்பு கிரீஸில் ஊறியிருந்தது. ஆக இரண்டு சக்கரத்திலும் பிரேக் இல்லாமல்தான் ஹைவேயில் வந்திருக்கிறோம். நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

சரி, டிஸ்க்குக்கு மாறியபோது நடந்தது. ஒரு பட்டறையில் விட்டேன், சக்கரத்தில் காலிப்பர், ரோட்டர் எல்லாம் சுத்தமாக மாட்டிக் கொடுத்தார்கள், ஆக்சுவேட்டர் மட்டும் பழையதே. பத்து மைல் ஓட்டி நிறுத்தினால் ஹப்பில் கை வைக்க முடியவில்லை, பேட் தீய்ந்த வாடை. ட்ரம்முக்கான ஆக்சுவேட்டரில் ஒரு வால்வு இருக்கும், பிரேக்கை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். ட்ரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்கில் அதே அழுத்தம் பேடை ரோட்டரோடு உரச வைத்துக்கொண்டே இருக்கும்.

அன்று சாயங்காலமே இரண்டாவது சிக்கலும் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசல் கொஞ்சம் ஏற்றம். ரிவர்ஸ் எடுத்தால் ட்ரெய்லர் அசையவில்லை. பின்னால் தள்ளும்போதும் ஆக்சுவேட்டர் உள்ளே போகும், பிரேக் பிடிக்கும். ட்ரம்மில் ரிவர்ஸில் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு ஷூவிலேயே இருக்கிறது (உப்பில் அதுவும் துருவேறி இறுகும் என்பது வேறு விஷயம்). டிஸ்க்குக்கு ஆக்சுவேட்டரில் ஒரு சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வு வேண்டும். வண்டியின் ரிவர்ஸ் விளக்கிலிருந்து அதற்கு மின்சாரம் வரும், வந்ததும் பிரேக் லைனை அடைத்துவிடும். அதனால் வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் வயரில் நான்கு பின் பிளக் போதாது, ஐந்து பின் வேண்டும்.

ஆக டிஸ்க்குக்குக் கொட்டேஷன் கேட்டால் டிஸ்க்குக்கான ஆக்சுவேட்டர், ரிவர்ஸ் சோலனாய்டு, ஐந்து பின் வயரிங் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சோலனாய்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம், எஞ்சினை ஓட விடாமல் சாவியை ஆனில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ரிவர்ஸ் கியர் போட, இன்னொருவர் ட்ரெய்லர் மூக்கில் காதை வைத்தால் 'டிக்' என்று கேட்கும்.

மூன்றாவது அடி ட்ரம்முக்கும் டிஸ்க்குக்கும் பொது. வேறு பட்டறையில் புது ஆக்சுவேட்டர் போட்டு, லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பிரேக் லைன் வெடித்தது. அந்த இரும்புக் குழாய் ட்ரெய்லர் சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது, வெளியே தெரியும் இரண்டு நுனியும் நன்றாக இருந்தன, நடுவில் துருவேறிக் காகிதமாகியிருந்தது. குழாயை மாற்ற படகைத் தூக்கினார்கள், தூக்கியதும் படகு உட்கார்ந்திருந்த பங்க் கட்டைகள் கார்பெட்டுக்கு அடியில் உளுத்திருப்பது தெரிந்தது, ஸ்க்ரூடிரைவர் அழுத்தாமலே உள்ளே போனது. இந்தப் பட்டறைக்காரர் ஒவ்வொரு தடவையும் போன் செய்து, போட்டோ அனுப்பி, சம்மதம் கேட்டுத்தான் தொட்டார். கடைசி பில் முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு, ஆனால் ஒரு டாலர்கூட எனக்குத் தெரியாமல் ஏறவில்லை. வேலை விடுவதற்கு முன்பே இந்த நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குக்கும் பராமரிப்பு உண்டு. காலிப்பரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கினேன், அதில் இதுவரை ஒரு குறையும் இல்லை. ரோட்டர் பூச்சு போட்ட வார்ப்பிரும்பு, பேட் உரசும் இடத்தில் பூச்சு சில பயணங்களிலேயே போய்விடும், மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறத்தில் துரு படிந்திருக்கும், ஓட்டி ஒரு பிரேக் போட்டால் போய்விடும். குளிர்காலத்தில் இரண்டு மாதம் அசையாமல் நின்றபோது பேட் ரோட்டரோடு ஒட்டிக்கொண்டது, மெதுவாக முன்னே நகர்த்தியதும் 'டக்' என்று விட்டது. ஸ்லைடு பின்னுக்கு வருஷம் ஒருமுறை சிலிகான் கிரீஸ் போடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டீ நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுகிறேன். என் அனுபவம் மூன்று வருஷம்தான், பத்து வருஷம் ஓட்டியவர்கள் சொல்வதற்கு இதைவிட எடை அதிகம்.

இப்போதைக்கு ட்ரம்மையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், ஆனால் கடலில்தான் இறக்குகிறீர்கள் என்றால், சீசன் தொடங்கும் முன் இரண்டு ட்ரம்மையும் கழற்றி லைனிங்கின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து நெம்பிப் பாருங்கள். கனம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள்.