கிண்ணியாக் களஞ்சியத்தில் ஈஆர்பிநெக்ஸ்ட்: இரண்டு ஆண்டு அனுபவம்

எமது நிறுவனம் கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கிறது. அலுவலகம் திருகோணமலை நகரிலும் களஞ்சியங்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கின்றன. 2023 ஏப்ரலில், புதிய நிதியாண்டோடு, பில் புத்தகங்களை விட்டு விற்பனை, இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் திறந்த மூல மென்பொருளுக்கு மாறியபோது, ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது.

முதலில் எல்லோரையும் நகர அலுவலகத்துக்கு அழைத்து, இரண்டு நாட்கள் எல்லாத் திரைகளையும் காட்டினேன். காசாளருக்குக் கொள்வனவுத் திரையும் களஞ்சியப் பொறுப்பாளருக்குக் கணக்கேடும் எதற்கென்று நான் யோசிக்கவில்லை. அடுத்த வாரமே அதன் விளைவைக் கண்டேன்.

இருப்பில் பதியப்படாத பொருளை வெளியே அனுப்ப இம்மென்பொருளின் வழக்கமான அமைப்பு இடந்தராது. ஆனால் எமது வழக்கமோ, லொறியிலிருந்து இறக்கிய சீமெந்தை அங்கேயே வாடிக்கையாளரின் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, வரவுப் பதிவை மாலையில் எழுதுவது. “என்ட கண்ணுக்கு முன்னால சீமெந்து கிடக்கு, இது இல்லெண்டு சொல்லுது தம்பி” என்று கிண்ணியாவில் முப்பது வருடமாக வேலைசெய்யும் நானா தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம் என்று சிலர் கேட்டபோதும், இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போனால் அடக்கவிலைக் கணக்கும் குழம்பும் என்பதால் நான் இணங்கவில்லை. அதற்குப் பதிலாக மூன்று வாரம் அவரருகிலேயே இருந்து, லொறியின் பின்கதவைத் திறக்குமுன் வரவைப் பதியும் பழக்கத்தை, அன்றன்று வந்த விலைச்சிட்டைகளைக் கொண்டே ஏற்படுத்தினோம்.

அடுத்த சிக்கல் திருத்தம். சமர்ப்பித்த, அதாவது இறுதியாகப் பதிந்த பில்லில் அளவையோ விலையையோ மாற்ற முடியாது. அதை ரத்துச் செய்து திருத்தப் பிரதி எடுக்க வேண்டும், அப்பிரதி பழைய இலக்கத்தின் முடிவில் ‘-1’ சேர்ந்து வரும். திரையைக் காட்டி விளக்கியபோது புரியாதது, பில் புத்தகத்தில் பிழைத்த தாளைக் கிழிக்காமல் ‘ரத்து’ என்று எழுதி வைப்போமே, அதுதான் இது என்றவுடன் புரிந்தது. பின்னர் ஒவ்வொரு வேலைக்கும் எமது சொந்தப் பில்லையே மாதிரியாக வைத்து ஒற்றைத் தாள் வழிகாட்டி எழுதினேன்.

மென்பொருளில் மற்றவர்களுக்கு உதவக் கிளைக்கு ஒருவரை உதவியாளராக நியமித்து, அவரது வழக்கமான வேலையில் தினமும் ஒரு மணிநேரத்தைக் குறைக்கும்படி முதலாளியிடம் கேட்டுப் பெற்றதே நான் செய்தவற்றுள் அதிகம் பயன் தந்தது என்று கருதுகிறேன். 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோது, புதிய வரி அமைப்பை நான் முன்கூட்டியே இட்டிருந்தேன். டிசம்பரில் வரைவாகச் சேமித்த பில்கள் பழைய வீதத்தையே சுமந்திருக்கும் என்பது என் நினைவுக்கு வரவில்லை. மூதூரின் உதவியாளரான காசாளர் அன்று காலை கடை திறக்குமுன் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்திவிட்டு, மற்றக் கிளைகளுக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.