ஒன்பதாவது கேள்விக்கு யார் பொறுப்பு?

மனநல ஆலோசனை படிக்கிற முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வித்தாள் பி.எச்.கியூ-9. மனச்சோர்வை அளப்பதற்கான ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. தமிழில் கிடைக்கிறது, காசு கட்ட வேண்டாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். புழக்கத்துக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

சிக்கல் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கும். ஒருவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று டிக் அடிக்கிறார். அப்புறம்? எந்த ஆய்வு முறை நல்லது என்ற பேச்சை எத்தனை பேர், என்ன புள்ளியியல் என்று ஆரம்பிப்பது வழக்கம். இந்த ஒரு டிக்கிலிருந்து ஆரம்பித்தால்தான் ஒவ்வொரு முறையின் தாங்குசக்தியும் தெரியவரும்.

முதலில், எல்லாருக்கும் பிடித்த பெயர் கேட்காத கூகுள் ஃபார்ம். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டால் ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கில் பதில் வந்துவிடும். பெயர் இல்லாததால் மனம்விட்டுப் பதில் சொல்கிறார்கள். இது உண்மையான பலம், குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஒன்பதாவது கேள்வியில் இந்த முறை கைவிரித்துவிடும். எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் 3 என்று நிற்கும். அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. 'நன்றி' பக்கத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐப் போட்டுவிட்டோம் என்பார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் எத்தனை பேர்? போடுவதானால் ஒன்பதாவது கேள்விக்கு நேர் கீழே போட வேண்டும்.

பெயர் கேட்கவில்லை என்பதற்காக ஆள் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சின்ன வகுப்பில் துறை, வயது, பாலினம், சொந்த மாவட்டம் நான்கையும் கேட்டுவிட்டால் ஆளைச் சுட்டிக்காட்டியே விடலாம். மின்னஞ்சலைச் சேகரிக்கும் வசதியை அணைக்க மறந்திருந்தால் கதை அதோடு முடிந்தது. இன்னொன்று: பதில் சொல்லும் இளங்கலை முதலாமாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பன்னிரண்டு தாண்டிய பிள்ளையின் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். லிங்க்கில் இருக்கும் 'சம்மதிக்கிறேன்' பெட்டி இதற்கெல்லாம் போதாது.

அப்படியானால் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டால்? அதுதான் பி.எச்.கியூ-8. அமெரிக்காவில் 2006-இல் நடந்த பெரிய தொலைபேசி சுகாதாரக் கணக்கெடுப்பில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு உடனே உதவ வழியில்லாத இடத்தில் அந்தக் கேள்வி எதற்கு என்பதுதான் வாதம். எல்லை மதிப்பெண் அதே பத்துதான், மனச்சோர்வை மதிப்பிடுவதில் பெரிய நஷ்டமும் இல்லை. இது நழுவல் என்று சிலர் சொல்வார்கள். கேட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பதைவிட, பார்க்க ஆள் இல்லை என்று கேட்காமல் விடுவது நாணயமானது என்பது என் கட்சி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்து எடுக்க வேண்டாம். அப்படி நடப்பதற்கு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை.

கேட்டே ஆக வேண்டிய ஆய்வு என்றால் என் ஓட்டு மூன்றாவது முறைக்கு: குறியீட்டு எண் போட்ட தாள். கேள்வித்தாளில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாக, பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒப்புதல் படிவத்திலேயே, "உங்கள் பதில் ஆபத்தைக் காட்டினால் உங்களைத் தொடர்புகொள்வோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் ரகசியத்தை உரிமையாக்கிவிட்டு, உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் அதைத் தடுக்கத் தேவையான தகவலை மட்டும் வெளியிட இடம் தருகிறது. இதிலும் இழப்பு உண்டு. தொடர்புகொள்வார்கள் என்று தெரிந்ததும் சிலர் 0 போட்டுவிடுவார்கள். தாள்களை அன்றன்றே பார்க்க வேண்டும், கூப்பிட்டால் வர ஒரு ஆலோசகர் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கிய தாளைத் திங்கட்கிழமை பிரிக்கலாம் என்றால் பெயர் கேட்காத ஃபார்முக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நேர்காணலில் இந்தக் கவலை பாதி குறையும். ஆள் எதிரிலேயே இருக்கிறார். முகம் வாடினால் தெரியும், நிறுத்திக்கொள்ளலாம். கிடைக்கும் ஆழம் எந்தக் கேள்வித்தாளிலும் கிடைக்காது. ஆனால் நம் வீடுகளில் தனியாகப் பேச இடம் எங்கே இருக்கிறது? மருமகளிடம் பேட்டி எடுக்கும்போது மாமியார் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த விதிகள் இதற்கும் பொருந்தும்: யாராவது வந்தால் உடனே பேச்சை மாற்று, ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் பேசு. புனைபெயர் போட்டுவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. கணவரை இழந்த, இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள சத்துணவு அமைப்பாளர் என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பேச்சுதானே, இதற்கெல்லாமா அனுமதி என்று கேட்பவர்களுக்கு: அதே மனநலச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரைப் பேட்டி காணும் ஆய்வுக்கும் சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்கிறது.

ஆலோசனை பலன் தருகிறதா என்று சோதிக்கும் ஆய்வுகளில் போட்டி வேறு இடத்தில். பாதிப் பேருக்கு இப்போதே ஆலோசனை, மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். இது மலிவு, முடிவும் பளிச்சென்று வரும். அந்தப் பளிச்சில்தான் எனக்குச் சந்தேகம். மனச்சோர்வு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், பட்டியலில் காத்திருந்தவர்கள் சிகிச்சை எதுவுமே தரப்படாதவர்களைவிடவும் குறைவாகவே தேறியிருந்தார்கள். நம் முறை வரும் என்று வேறு வழி தேடாமல் இருந்துவிடுகிறார்கள் போலும். எதிரணி சோர்ந்தால் நம் அணி பெரிதாக ஜெயித்த மாதிரித் தெரியும்.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு செய்தது இதற்கு மாற்று. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வு இருந்த 495 பேர். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தந்த சில அமர்வுகள். மறுபாதியையும் சும்மா விடவில்லை: பி.எச்.கியூ-9 முடிவு மருத்துவரிடம் சொல்லப்பட்டது, சிகிச்சை வழிகாட்டுதலும் அவரிடம் தரப்பட்டது. மூன்று மாதம் கழித்து ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், மற்றவர்களில் 39 சதவீதம். இரண்டு பக்கமும் கவனிப்பு இருந்தும் வந்த வித்தியாசம் இது, அதனால்தான் 2017-இல் வெளியான இந்த முடிவை நம்ப முடிகிறது. ஆனால் வித்தியாசம் சுருங்கச் சுருங்க அதிக ஆட்கள் வேண்டும், பணமும் வேண்டும். ஒரு மாணவரின் ஆறு மாத ஆய்வேட்டுக்கு இது கட்டுப்படியாகாது. அதற்காகக் காத்திருப்புப் பட்டியலுக்குத் தாவ வேண்டாம். குறியீட்டு எண் போட்ட தாளை ஒழுங்காகச் செய்தாலே அந்த ஆறு மாதத்துக்கு வேலை சரியாக இருக்கும்.