ஒரு மீற்றர் வேணியர் இடுக்கிமானி: எட்டு மாதப் பாவனைக்குப் பின்

யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் கடைச்சல் பட்டறைக்கு மீன்பிடி வள்ளங்களின் தண்டுகளே பெரும்பாலும் வரும். அவற்றுக்குச் சிறிய திருகுக் கணிச்சிகள் போதும். வன்னியிலிருந்து கல் உடைக்கும் இயந்திரங்களின் பெயாரிங்குகள் உட்காரும் கூடுகளும் பட்டி ஓடும் பெரிய புளிகளும் வரத் தொடங்கிய பிறகே, 1000 மில்லிமீற்றர் வரை அளக்கும் வேணியர் இடுக்கிமானி ஒன்றைக் கொழும்பிலிருந்து வருவித்தோம்.

ஆக்கத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. துருப்பிடிக்காத உருக்கு என்றாலும், எங்கள் உப்புக் காற்றை நம்பாமல் மாலையில் ஒயில் துணியால் துடைத்தே பெட்டியில் வைக்கிறோம். அளவுக்கோடுகள் கண் கூசாமல் தெரிகின்றன; நுண்சீராக்கத் திருகும் இறுக்கமாக ஓடுகிறது. உள்விட்டம் எடுக்கும்போது மட்டும் தாடை முனைகளின் தடிப்பான 20 மில்லிமீற்றரைக் கூட்ட வேண்டும். முதல் வாரத்தில் நான் இதை மறந்து, கூடு சிறுத்துவிட்டதென்று பொடியனை ஏசியதும் உண்டு.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதன் வேணியர், அதாவது நகரும் துணை அளவுகோல், 0.02 மில்லிமீற்றர் வரை வாசிக்கும். ஆனால் கூடவே வந்த தாளில் அனுமதிக்கப்பட்ட வழு ±0.07 என்று இருக்கிறது. 22334 இலக்கப் பெயாரிங்கின் வெளிவிட்டம் 360 மில்லிமீற்றர். அதன் கூட்டை எச்7 என்ற துளைப் பொருத்தத் தரத்தில் கடைந்தால், அளவு விலக நமக்குக் கிடைக்கும் இடைவெளி முழுவதும் 0.057 மில்லிமீற்றர் மட்டுமே. கருவியின் வழுவே அதைவிடப் பெரிதாக இருக்கும்போது, இரண்டாம் தசமத்தை எவ்வளவு உன்னிப்பாக வாசித்தாலும் அந்த வேலைக்கு அது போதாது. தாடைகள் நீளமாகையால், அழுத்தம் சற்றுக் கூடினாலே சறுக்கும் தாடை சரிந்து அளவும் மாறுகிறது. ஒருவர் சட்டத்தைத் தாங்க, மற்றவர் வாசிப்பதே நல்லது.

இதோடு வெப்பமும் சேர்கிறது. அளவுகளெல்லாம் 20 பாகை செல்சியசுக்கு உரியவை; எங்கள் தகரக் கூரையின் கீழ் அந்த வெப்பநிலை ஒருநாளும் வராது. கருவியும் வேலைப்பொருளும் உருக்காக, ஒரே சூட்டில் இருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆனால் அப்போதுதான் கடைந்த கூடு, நிழலில் கிடந்த கருவியைவிட 15 பாகை சூடாக இருந்தால், 360 மில்லிமீற்றர் விட்டத்தில் ஏறக்குறைய 0.06 கூடுதலாகக் காட்டும். ஆறியதும் பெயாரிங் இறங்காது. ஆகவே கடைசி வெட்டுக்கு முன் கூட்டை இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் அளக்கிறோம்.

புளி, பிளைவீல், முதல் வெட்டுகள் ஆகியவற்றுக்கு இந்த இடுக்கிமானியைத் தயக்கமின்றி வாங்கலாம். பெயாரிங் கூட்டின் இறுதி அளவுக்கு, நீட்டிப்புத் தண்டுகள் கொண்ட உள்விட்டக் கணிச்சி ஒன்றுக்கும் பணம் ஒதுக்கிய பின்பே கடைக்குப் போவது நல்லது. நாங்கள் அதை இரண்டாவதாக வாங்கினோம், முதலில் வாங்கியிருக்க வேண்டும்.